உதய்ப்பூரில் எந்த ஏரி, எந்தப் படகு? போவதற்கு முன் ஓர் ஒப்பீடு

உதய்ப்பூர் போகத் திட்டமிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி படகைப் பற்றியதுதான். ஓட்டல், ஆட்டோ, கோயில் எல்லாம் ஒருவழியாக அமைந்துவிடும். படகு விஷயத்தில் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அரண்மனைக்குள்ளிருந்து கிளம்பும் படகில்தான் போக வேண்டும் என்பார் ஒருவர். அது வீண் செலவு, வெளியே தூத் தலாய் படகுத்துறையில் ஏறுங்கள் என்பார் இன்னொருவர். குழந்தைகள் வந்தால் ஃபதே சாகர் ஏரியை விட்டால் வேறு வழியில்லை என்பார் மூன்றாமவர். மூன்றுமே சரிதான், ஆனால் மூன்றும் ஒரே குடும்பத்துக்குப் பொருந்தாது.

என்னைக் கேட்டால், முதலில் மணியைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் படகை. ஒரே ஏரியில் ஒரே படகில் காலை பத்து மணிக்குப் போகிறவரும் மாலை ஐந்து மணிக்குப் போகிறவரும் பார்ப்பது இரண்டு வேறு ஊர்கள். இதை யாரும் டிக்கெட் கவுன்ட்டரில் சொல்ல மாட்டார்கள்.

## எதையெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டும்

வெளிச்சம். சிட்டி பேலஸ் என்று எல்லோரும் சொல்லும் பெரிய அரண்மனை பிச்சோலா ஏரியின் கிழக்குக் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி மேற்கு முகமாக நிற்கிறது. சுமார் 244 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம். காலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். படகிலிருந்து பார்த்தால் கண் கூசும் வானமும் அதன் கீழே நிழலடித்த சுவரும்தான் தெரியும். பிற்பகல் சாயச் சாய வெயில் நேராக முகப்பில் விழும். ஒவ்வொரு ஜரோக்கா மாடத்தின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் அந்தச் சுவருக்கு உகந்த நேரம். மறையும் கணத்தில் அல்ல, அதற்குக் கொஞ்சம் முன்பு.

இதில் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உதய்ப்பூர் நமக்கு மேற்கிலும் வடக்கிலும் இருப்பதால் கோடையில் அங்கே சூரியன் தாமதமாகத்தான் மறையும். ஜூனில் சென்னையில் ஆறேமுக்கால் மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், உதய்ப்பூரில் ஏழு இருபதைத் தாண்டும். டிசம்பரில் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே நேரம், ஆறு மணிக்குச் சற்று முன்பு. ‘மாலை ஐந்து மணிப் படகு’ என்பது டிசம்பரில் பொன்னான நேரம், மே மாதத்தில் வெயில் கொளுத்தும் நேரம்.

மொத்தச் செலவு. டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நுழைவுக் கட்டணம், ஆட்டோ, தீவில் இறங்கினால் குடிக்கும் டீ எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கட்டணம் சீசனுக்குச் சீசன் மாறும், வரிசை பொதுவாக மாறுவதில்லை: ஃபதே சாகர் மலிவு, பிச்சோலாவின் பொதுப் படகுத்துறைகள் நடுத்தரம், அரண்மனைப் படகு அதிகம்.

நடையும் படியும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இறங்கி நிற்க இடம். சில படகுகள் ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். சில படகுகள் தீவில் இறக்கிவிடும். (கீழே லால் காட், அம்ராய் காட் என்று வரும் ‘காட்’ என்பதற்குப் படித்துறை என்று பொருள்.)

| | வெளிச்சம் | கூடுதல் செலவு | நடை, படி | தீவில் இறங்கலாமா |
|---|---|---|---|---|
| பிச்சோலா, அரண்மனைப் படகு | மாலையில் மிக நன்று | வளாக நுழைவு, மாலைக்குத் தனிக் கட்டணம், தீவில் சாப்பாடு | அதிகம் | ஜக்மந்திரில் இறங்கலாம் |
| பிச்சோலா, பொதுத்துறைப் படகு | அதே வெளிச்சம் | ஆட்டோ மட்டும் | லால் காட்டில் படிகள், தூத் தலாயில் குறைவு | இல்லை, சுற்றி வரலாம் |
| ஃபதே சாகர் | சூரியன் மறைவதைப் பார்க்க நன்று | கரையில் தின்பண்டம் | மிகக் குறைவு | நேரு பூங்காத் தீவு |
| ஜெய்சமந்த் | நாள் முழுக்க | கார் வாடகை, அரை நாள் | நடுத்தரம் | படகைப் பொறுத்தது |
| படகே வேண்டாம், அம்ராய் காட் | மாலையில் மிக நன்று | ஏறக்குறைய இல்லை | குறைவு | பொருந்தாது |

## பிச்சோலா: அரண்மனைக்குள்ளிருந்து கிளம்பும் படகு

சிட்டி பேலஸ் வளாகத்துக்குள் ராமேஷ்வர் காட் என்ற படித்துறை இருக்கிறது. அங்கிருந்துதான் இந்தப் படகு கிளம்பும். ஏரிக்குள் இருக்கும் இரண்டு அரண்மனைத் தீவுகளில் ஒன்றான ஜக்மந்திரில் இறக்கிவிட்டு, வேண்டிய நேரம் நின்று பார்த்த பிறகு அடுத்த படகில் திரும்பலாம். ஜக்மந்திரில் கால் வைக்க வேண்டுமென்றால் வழி இது ஒன்றுதான். வெளித்துறைப் படகுகள் அந்தத் தீவை ஒட்டிச் சுற்றிவிட்டுப் போய்விடும்.

இன்னொரு தீவான ஜக்நிவாஸ் என்பது 1740-களில் மகாராணா இரண்டாம் ஜகத் சிங் கட்டியது. இப்போது அது லேக் பேலஸ் ஓட்டல். அங்கே தங்குகிறவர்கள் தவிர வேறு யாரும் இறங்க முடியாது. எந்தத் துறையில் எவ்வளவு கொடுத்து ஏறினாலும் அதை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். ‘லேக் பேலஸ் உள்ளே போகலாம்’ என்று யாராவது சொன்னால் ஜக்மந்திரைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜக்மந்திரில் இறங்கியதும் முதலில் வரவேற்பது தண்ணீரோரம் வரிசையாக நிற்கும் கல் யானைகள். உள்ளே குல் மஹால் என்ற குவிமாடக் கட்டடம். தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகக் கிளம்பிய இளவரசர் குர்ரம், பின்னாளில் ஷாஜஹான் என்று அரியணை ஏறியவர், 1620-களில் இங்கேதான் அடைக்கலம் பெற்றார். 1857 கலவரத்தின்போது நீமச்சிலிருந்து தப்பி வந்த ஐரோப்பியக் குடும்பங்களை மகாராணா ஸ்வரூப் சிங் தங்கவைத்ததும் இதே தீவில்தான். இந்த இரண்டு கதைகளையும் தெரிந்துகொண்டு அங்கே நின்றால் தீவு வேறு மாதிரி தெரியும். தெரியாமல் போனால் பூந்தோட்டமும் விலை அதிகமான உணவகமும்தான் கண்ணில் படும்.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். முதலில் வளாகத்துக்குள் நுழையவே டிக்கெட். அருங்காட்சியகமும் பார்ப்பதென்றால் அதற்கான கட்டணம். படகுக்குப் பகல், மாலை என்று இரண்டு விலை. மாலைக் கட்டணம் என்றால் சூரியன் மறையும் வேளைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், பிற்பகலிலேயே தொடங்கிவிடும். எத்தனை மணியிலிருந்து என்று காலையிலேயே கவுன்ட்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜக்மந்திரில் டீ குடித்தாலும் ஓட்டல் விலைதான். திருமண விழாக்கள் அதிகம் நடக்கும் இடம் அது. முகூர்த்த நாட்களில் தீவில் இறங்க அனுமதி உண்டா என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்க வேண்டும்.

பணத்தை விடப் பெரிய செலவு கால்வலி. அருங்காட்சியகத்துக்குள் படிக்கட்டுகள் குறுகல், செங்குத்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி முடித்த பிறகு படித்துறை வரை நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் படகில் உட்காரும்போதே களைத்துப் போயிருப்பார்கள்.

அருங்காட்சியகத்தை எப்படியும் பார்க்கப் போகிறீர்கள், வரலாற்றில் ஆர்வம் உண்டு, அன்றைய பிற்பகல் முழுவதும் அரண்மனைக்கே என்றால் இந்தப் படகை எடுங்கள். அப்போது நுழைவுக் கட்டணம் தனிச் செலவாகத் தெரியாது. படகுக்காக மட்டும் அரண்மனைக்குள் போவது எனக்கு உடன்பாடில்லை.

## பிச்சோலா: பொதுப் படகுத்துறைகள்

அதே ஏரி, அதே சுவர், அதே சூரியன். அரண்மனை வளாகத்துக்குள் போகாமல் வெளியே ஏறலாம். ஜக்தீஷ் கோயிலிலிருந்து சந்துகள் வழியாக இறங்கினால் லால் காட். தெற்கே போனால் தூத் தலாய் என்ற சின்னக் குளத்தின் அருகே இன்னொரு துறை. பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது தூத் தலாயைத்தான். காரணம் எளிது. ஆட்டோ துறைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், படி குறைவு, டிக்கெட் எடுத்ததும் ஏறிவிடலாம்.

லால் காட் பழைய நகரத்துக்குள் தங்குகிறவர்களுக்கு நல்லது. அங்கிருந்து ஏறும் படகுகள் சிறியவை. அதிலும் ஓர் அழகு உண்டு. தண்ணீர் மட்டத்துக்கு அருகில் உட்கார்ந்து படித்துறைகளை ஒட்டிப் போகும்போது, படிகளில் பழைய நீர்மட்டங்கள் விட்டுப்போன கறை, பட்டை பட்டையாகத் தெரியும். கங்கோர் காட்டின் மூன்று வளைவு வாசலில் புறாக்கள் கூட்டமாக எழும்பி மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். பெரிய படகின் இருக்கையிலிருந்து இவை கண்ணில் படாது.

படகு ஏரிக்குள் போகும்போது சின்னத் திட்டு ஒன்றைப் படகோட்டி காட்டுவார். நட்னி சபூத்ரா. கயிற்றின் மேல் நடந்து ஏரியைக் கடந்தால் பாதி நாட்டைத் தருவதாக மகாராணா ஒரு கழைக்கூத்தாடிப் பெண்ணிடம் சொன்னாராம். அவள் கடந்துவிடப் போகிறாள் என்று பார்த்ததும் கயிற்றை அறுத்துவிட்டார்களாம். மூழ்கிப்போன அவள் நினைவாகக் கட்டிய மேடை என்று கதை. படகோட்டிக்குப் படகோட்டி கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள், கேட்க வேண்டிய கதைதான்.

இந்தப் படகில் குறை என்னவென்றால் தீவில் இறங்க முடியாது, சவாரியும் சுருக்கமாக முடிந்துவிடும். விடுமுறை நாட்களின் மாலையில் வரிசை நீளும். நீங்கள் குறிவைத்த வெளிச்சம் வரிசையில் நிற்கும்போதே போய்விடும். சூரியன் மறையும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைக்குப் போய்விடுங்கள். படகு நிறைந்தால்தான் கிளம்பும் என்று சொல்லும் இடங்களில், தனிப் படகு எடுக்கச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். நான்கு பேருக்கு மேல் இருந்தால் அது கட்டுப்படியாகலாம், இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது.

ஏறும்போதே அரண்மனை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் போட்டுக் கொக்கியை மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பொருந்தும் அளவு இல்லையென்றால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததில் போகலாம், இதில் தயக்கமே வேண்டாம்.

தூத் தலாய்க்கு இன்னொரு ஆதாயம், பக்கத்திலேயே கர்ணி மாதா குன்றுக்குப் போகும் ரோப்கார். படகில் சுற்றிய ஏரியை மேலிருந்து முழுசாகப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே மாலையில் செய்வதென்றால் முதலில் படகு, அப்புறம் ரோப்கார். மாற்றிச் செய்தால் ரோப்கார் வரிசை படகு நேரத்தைத் தின்றுவிடும்.

## ஃபதே சாகர்

பிச்சோலாவுக்கு வடக்கே, கால்வாயால் இணைந்த ஏரி. 17-ஆம் நூற்றாண்டில் மகாராணா ஜெய் சிங் வெட்டியது, பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபதே சிங் கரையைக் கட்டிப் பெரிதாக்கியதால் அவர் பெயர் நின்றது. அரண்மனை, படித்துறை எதுவும் இங்கே இல்லை. நீளமான கரைச்சாலை, எதிரே ஆரவல்லி மலைத்தொடர், நடுவே தீவுகள்.

சுற்றுலாப் பயணிகளை விட உள்ளூர்க்காரர்கள் அதிகம் வருவது இங்கேதான். மாலையில் கரைச் சுவரில் இடம் பிடிப்பதே கஷ்டம். கோல்ட் காபிக் கடைகளும் மழைக்காலத்தில் சுட்ட சோளமும் இந்தக் கரையின் அடையாளம். படகு ஏறுவது சுலபம், விலை குறைவு. சாதாரண மோட்டார் படகும் உண்டு, ஸ்பீடு படகும் உண்டு. அரண்மனையின் கதையெல்லாம் கேட்கப் பொறுமையில்லாத பிள்ளைகளுக்கு ஸ்பீடு படகில் முகத்தில் தெறிக்கும் தண்ணீர் போதும்.

நேரு பூங்கா என்ற தீவுக்குப் படகு போகும். பூங்கா திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள், சுற்றுச் சவாரி மட்டும் என்றால் விலை வேறு.

எனக்கு இந்த ஏரியில் மிகவும் பிடித்தது யாரும் இறங்க முடியாத இன்னொரு தீவு. அதில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்பது சூரிய ஆய்வகம். 1970-களில் தொடங்கியது, இப்போது அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கீழ் இயங்குகிறது. ஏரி நடுவில் ஏன் தொலைநோக்கி வைத்தார்கள் என்பதற்குக் காரணம் அருமையானது. பகல் வெயிலில் தரை சீக்கிரம் சூடேறும். அதன் மேல் காற்று கொதித்து அலைபாயும், தார்ச்சாலையில் தூரத்துப் பொருள் நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், சுற்றிலும் தண்ணீர் இருந்தால் காற்று அடங்கியிருக்கும், சூரியனின் படம் கலங்காமல் கிடைக்கும். சூரியன் உள்ளே அதிரும் விதத்தை இடைவிடாமல் கவனிக்க உலகம் முழுவதும் ஆறு இடங்களில் கருவி வைத்திருக்கிறார்கள், அந்த ஆறில் ஒன்று இந்த ஊரில். பள்ளிப் பிள்ளைகள் கூட இருந்தால் படகில் போகும்போது இதைச் சொல்லிக் காட்டுங்கள். அரண்மனையை விட இது அவர்களுக்கு நினைவில் நிற்கும்.

இங்கே படகின் மேல் விழும் வெளிச்சத்துக்குப் பின்னணியாக ஒரு மாளிகையும் இல்லை. உதய்ப்பூர் என்றதும் நாம் படத்தில் பார்த்த அந்தக் காட்சி கிடைக்காது. முதல் முறை போகிறவர், ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் ஃபதே சாகர் வேண்டாம். இரண்டாவது மாலை இருந்தால், கைக்குழந்தையோ சக்கர நாற்காலியில் பெரியவரோ கூட வந்தால், அல்லது செலவைச் சுருக்க வேண்டியிருந்தால் தயங்காமல் இங்கே வாருங்கள். கரையில் உட்கார்ந்து மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்க பிச்சோலாவை விட இதுவே வசதி.

## ஜெய்சமந்த்

நகரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தென்கிழக்கே. அதே ஜெய் சிங் அணை கட்டி உருவாக்கியது. தேபர் ஏரி என்றும் சொல்வார்கள். அணையின் மேல் பளிங்கு மண்டபங்களும் கல் யானைகளும் வரிசையாக நிற்கும், எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. கார் வாடகையும் அரை நாளும் போகும். மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கும் கூட்டமில்லாத தண்ணீரைத் தேடுகிறவர்களுக்கும் மட்டும் இதைச் சொல்வேன்.

## படகே ஏறாமல் இருப்பது

இதையும் ஒரு தேர்வாகவே வைக்கிறேன். பிச்சோலாவின் மேற்குக் கரையில் அம்ராய் காட் இருக்கிறது, மாஞ்சி காட் என்றும் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்தால் சிட்டி பேலஸ் முழு நீளத்துக்கும் எதிரே விரியும், பக்கத்தில் லேக் பேலஸ். படகில் அசைந்துகொண்டே அரை மணி நேரத்தில் பார்ப்பதை இங்கே அசையாமல் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். வெயில் சுவரில் ஏறி இறங்குவதிலிருந்து விளக்கு எரிவது வரை எல்லாமே கிடைக்கும். படம் எடுக்கிறவர்களுக்குப் படகை விட இதுவே நல்லது, ஸ்டாண்டு வைத்து எடுக்கலாம். தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவர், படகில் தலைசுற்றல் வருகிறவர், கர்ப்பிணிகள் ஆகியோரை வற்புறுத்திப் படகில் ஏற்றாதீர்கள். அவர்களை இங்கே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரலாம், இவர்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

## மாதத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியவை

இவை மழையை நம்பி நிறையும் ஏரிகள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீர் நிறைந்து இருக்கும், குளிரும் தாங்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் கோடையில் பிச்சோலா வெகுவாக வற்றிப் போனதுண்டு. அப்போது படகு ஓடாது. ஏப்ரலுக்குப் பிறகு போகிறவர்கள் ஓட்டலில் ஒரு போன் போட்டு நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு மாலைத் திட்டத்தை வகுக்கலாம்.

கங்கோர் காட்டை ஒட்டிய பாகோர் கீ ஹவேலி என்ற பழைய மாளிகையில் மாலை ஏழு மணிக்கு நடக்கும் நாட்டுப்புற நடன நிகழ்ச்சியைப் பலரும் அதே நாளில் வைத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் ஆறு மணிக்குள் படகு முடிந்துவிடும், லால் காட்டில் ஏறி இறங்கினால் நடந்தே ஹவேலிக்குப் போய்விடலாம். மே, ஜூனில் இரண்டும் ஒரே நேரத்தில் விழும், இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கங்கோர் திருவிழா மார்ச் அல்லது ஏப்ரலில் வரும். அந்த நாட்களில் கங்கோர் காட், லால் காட் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அலங்கரித்த படகுகள் ஊர்வலமாகப் போவதைப் பார்க்கக் கிடைக்கும் நாள் அது. அன்று படகில் ஏறாமல் எதிர்க்கரை அம்ராய் காட்டில் பிற்பகலிலேயே இடம் பிடியுங்கள். ஆவணிக்கு முன் வரும் ஹரியாலி அமாவாசை மேளா ஃபதே சாகர் கரையில் இரண்டு நாள் நடக்கும். இரண்டாம் நாள் பெண்களுக்கு மட்டும். பெண்கள் மட்டுமாகச் சேர்ந்து போகிற குழுவாக இருந்தால் அந்த நாளைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. மற்றவர்கள் அந்த இரண்டு நாளும் படகுக்கு பிச்சோலா பக்கமே போய்விடுங்கள்.